உக்கிராண அறையும் ரேஷன் கார்டும்

செங்கல் என்று ஓர் ஊர் இருப்பது நம் அங்கத்தினர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, உதியன்குளங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் வரும் கிராமம். களியக்காவிளை எல்லை அங்கிருந்து சில மைல்தான். என் பள்ளிப் பருவம் அங்கேதான் கழிந்தது. பாட்டி, அப்பா, அம்மா, நாங்கள் ஐந்து பேர், ஆக எட்டுப் பேர். அப்பாவின் குமாஸ்தா சம்பளம் ஒன்றுதான் வருமானம். 1964 முதல் மூன்று வருஷம் அரிசிக்குப் பட்ட பாட்டை இன்று நினைத்தாலும், அம்மா எப்படி ஒப்பேற்றினாள் என்று வியப்பாகத்தான் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். யுத்தத்துக்கு முன்பே திருவிதாங்கூர் தன் தேவைக்கு வேண்டிய அரிசியை முழுதாக விளைவிக்கவில்லை. பர்மா அரிசி கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அது நின்றது. சர் சி.பி. ராமஸ்வாமி அய்யர் திவானாக இருந்த அந்த யுத்த காலத்திலேயே ரேஷன் வந்துவிட்டது. அப்போது ஏழை எளியவர்களைக் காப்பாற்றியது மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அந்தப் பயிரை ஊக்குவித்துப் பரப்பியதன் பலனை, அறுபது வருஷம் கழித்து ஜனங்கள் அனுபவித்தார்கள்.

உள்நாட்டில் நமக்கு நெற்களஞ்சியமாக இருந்தது நாஞ்சில் நாடு. 1906-ல் பேச்சிப்பாறை அணை முடிந்தபின் அங்கே பாசனம் இன்னும் உறுதிப்பட்டது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தன. தமிழ் பேசுகிறவர்களுக்கு அது நியாயமான தீர்வுதான். ஆனால் களஞ்சியம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

உடனே கஷ்டம் தெரியவில்லை. 1957-ல் ஆந்திரா, மதராஸ், மைசூர், கேரளம் நான்கையும் ஒரே உணவு மண்டலமாக வைத்தார்கள். அரிசி தடையின்றி வந்தது. நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் வாக்கப்பட்டிருந்த அத்தை, அறுவடை முடிந்தால் ஒரு மூட்டை அனுப்பிவிடுவாள். 1964-ல் அந்த மண்டலத்தைக் கலைத்து, ஒவ்வொரு ராஜ்யமும் தனித்தனி மண்டலம் என்று ஆக்கியபோதுதான் கதவு சாத்தியது. எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்து பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். அத்தை ஆத்து அரிசி கடத்தல் சரக்காகிவிட்டது! எல்லைக்கோடு போட்டது 1956-ல். எங்கள் அடுப்புக்கு அது தெரிந்தது 1964-ல்.

ரேஷன் கார்டு வந்தது. அரிசி கொஞ்சம், கோதுமை கொஞ்சம். கோதுமை பெரும்பாலும் பி.எல். 480 சட்டப்படி அமெரிக்காவிலிருந்து வந்தது. செங்கலில் அப்போது சப்பாத்தி இடத் தெரிந்தவர் யார்? அம்மா அதைக் கஞ்சியாக வைத்தாள், ரவையாக உடைத்து உப்புமா கிளறினாள், மாவாக அரைத்து தோசை வார்த்தாள். 1965 யுத்தத்தின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவை விடும்படி வேண்டியபோது, "ஏகாதசியோட இதுவும் ஒண்ணு" என்றாள் பாட்டி.

இனி உக்கிராண அறைக்கு வருகிறேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு பழைய பத்தாயம், நாலைந்து சீனப் பரணிகள், உறியில் தொங்கும் பானைகள். இவ்வளவுதான் ஆஸ்தி. மாசி தொடங்கி ஆனி வரை அம்மாவும் பாட்டியும் அதை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். வடுமாங்காய், உப்புமாங்காய், மாங்காய்த் தெரை, மணத்தக்காளி வத்தல், கொத்தவரை வத்தல், வெல்லம் போட்டுக் கிளறிய சக்கைவரட்டி. சக்கைக்கொட்டையை மண் பூசி உலர்த்தி மூலையில் குவித்து வைப்பார்கள். பருப்பு விலை எட்டாதபோது அதுதான் எரிசேரிக்கும் கூட்டானுக்கும் கை கொடுத்தது. மரச்சீனியை நறுக்கி, அரை வேக்காடாக அவித்து, வெயிலில் காயவைத்து மூட்டை கட்டுவார்கள்.

இவையெல்லாம் கர்க்கடக மாதத்துக்காக. விடாத மழை, காய்கறி இல்லை, சிங்கத்தில் புது நெல் வரும்வரை எல்லார் ஆத்திலும் பத்தாயம் காலி. அந்த நாட்களில் மத்தியானம் மோர்க்கூட்டான், சக்கைக்கொட்டை மெழுக்குவரட்டி, கொஞ்சம் சாதம். ராத்திரி கஞ்சியும் மரச்சீனிப் புழுக்கும் உப்புமாங்காயும். "என்ன வேணும்னு கேக்காதே, என்ன இருக்குன்னு கேளு" என்பது அம்மாவின் சட்டம்.

பிற்பாடு ரசாயனம் படித்தபோது, இந்தச் சமையலில் இருந்த அறிவு புரிந்தது. மரச்சீனியில் சயனைடைத் தரும் ஒரு பொருள் இருக்கிறது. நறுக்கி, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுவது அதைக் குறைக்கத்தான். நூறு கிராம் அரிசியில் சுமார் ஏழு கிராம் புரதம் என்றால், பச்சை மரச்சீனியில் ஒரு கிராம்தான். அந்தக் குறையை மோரும் பயறும் ஓரளவு ஈடுகட்டின. புழுங்கலரிசியில், நெல்லைப் புழுக்கும்போது பி1 வைட்டமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

தாத்தாவின் சிராத்தம் தை மாதம். அதற்குப் பச்சரிசி வேண்டும். பச்சரிசி கிடைத்த போதெல்லாம் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள் அம்மா. ஒரு பிடி நாற்பது கிராம், இரண்டு வேளைக்கு எண்பது. முப்பது நாளில் இரண்டு கிலோ நானூறு. 1966-ல் சிராத்தம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அன்று நாங்களும் வயிறாரச் சாப்பிட்டோம்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு துண்டு விழுந்தது. எனக்குப் பதினைந்து வயது இருக்கும். ஒருநாள் சாதம் பரிமாறும்போது எண்ணிப் பார்த்தேன். ஆத்தில் எட்டுப் பேர், வடித்தது ஏழு பேருக்கு. "உனக்கு?" என்று கேட்டேன்.

"நேக்குக் கஞ்சித்தண்ணி போறும்டா. சத்தெல்லாம் அதிலேதானே இறங்கறது" என்றாள்.

வடித்த கஞ்சியில் பி வைட்டமின்கள் கரைந்து இறங்குவது உண்மை என்று பி.எஸ்ஸி. படிக்கும்போது தெரிந்துகொண்டேன். அம்மா சொன்னது பாதி சரி. பசி ஆறாது என்ற மறுபாதியை அவள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. உத்தியோகத்தில் எத்தனையோ ஸ்டாக் ரிஜிஸ்டர்களைச் சரிபார்த்திருக்கிறேன். எதைப் பார்த்தாலும் அந்த எட்டாவது இலைதான் ஞாபகம் வரும்.

1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது, 1966-ல் கேரள ரேஷனிங் உத்தரவு வந்தது, 1967-ல் எல்லைக்கு அப்பால் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தேர்தலில் பேசப்பட்டது எல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. ரேஷன் கடை இல்லாவிட்டால் கேரளம் பட்டினி கிடந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடையில் அளந்த அரிசியை எட்டு வயிற்றுக்குப் பங்கிட்டவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

2020 ஊரடங்கின்போது பெங்களூரிலிருந்து பேத்தி பதறிப்போய் போன் செய்தாள். "கடை மூடியிருக்கு தாத்தா, என்ன பண்றது?" "அலமாரியிலே என்ன இருக்குன்னு முதல்லே எழுதும்மா" என்றேன். அரை மணியில் பதினெட்டுச் சாமான்களை எழுதி அனுப்பினாள். பத்து நாள் அதிலேயே ஓடியது. "ஆனா எல்லாருக்கும் சமமாப் போட்டுண்டு நீயும் சாப்பிடணும்" என்று மறக்காமல் சொன்னேன்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆத்தில் எண்பது தாண்டிய அம்மாவோ பாட்டியோ மாமியோ இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்த வருஷங்களில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கூடவே, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதைத்தான்.