ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் போதுமா?



"உங்க துறையிலேருந்து ஏதாவது எழுதுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். கம்ப்யூட்டரின் மூளை என்று நாம் சொல்லும் ப்ராசஸர், வேகமாக ஓடக் கற்றுக்கொண்ட வரலாற்றை எழுதலாம் என்று துணிந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் வாங்கப் போகும் நம்ம ஊர்க்காரர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, இது எத்தனை ஜிகாஹெர்ட்ஸ்?" என்பதுதான். எண் பெரிதாக இருந்தால் வேகமும் அதிகம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். வண்டிச் சக்கரம் எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணிவிட்டு, வண்டியில் எத்தனை மூட்டை ஏற்றியிருக்கிறது என்று பார்க்காமல் விடுவதைப் போன்றது இது. ஜிகாஹெர்ட்ஸ் என்பது ப்ராசஸரின் கடிகாரத் துடிப்பு. நொடிக்கு இத்தனை நூறு கோடித் துடிப்பு என்ற கணக்கு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

ப்ராசஸர் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் தெரிவது ஒன்றுதான். வேகம் தானாக வருவதில்லை. ஒன்றை எடுக்க இன்னொன்றை விடவேண்டியிருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

கிண்டியில் படித்தவர் கட்டிய இயந்திரம்

கதை நம் நாட்டிலிருந்தே தொடங்கட்டும். 1926-இல் சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றவர் ஆர். நரசிம்மன். 1950-களின் நடுவில், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் பெரிய கம்ப்யூட்டருக்கு அவர் தலைமை தாங்கினார். 1960-இல் அது முறைப்படி இயங்கத் தொடங்கியது. 1962-இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

அதில் சுமார் 2,700 வால்வுகள். நினைவகத்தில் 2,048 சொற்கள், ஒவ்வொரு சொல்லும் 40 பிட். மொத்தம் பார்த்தால் 10 கிலோபைட்! இன்று வாட்ஸ்அப்பில் வரும் 'காலை வணக்கம்' படம்கூட அதில் அடங்காது. ஆனால் அந்த நினைவகத்தை ஃபெர்ரைட் காந்த வளையங்களால் கட்டினார்கள். அது அந்தக் காலத்தில் உலகத்துக்கே புதுசு. கணக்குப் போடும் பகுதி எவ்வளவு வேகமாக இருந்தாலும், கணக்குக்கு வேண்டிய எண் நினைவகத்திலிருந்து வந்து சேரத் தாமதமானால் எல்லாம் வீண். வேகம் எங்கே தடைபடுகிறதோ அங்கே கையை வை என்ற பாடத்தை நம்மவர்கள் அன்றே படித்திருந்தார்கள்.

நாற்று நடவும் பைப்லைனும்

1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. முழு ப்ராசஸரும் ஒரே சில்லுக்குள் அடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளும் ஓட்டப்பந்தயம்தான். அந்தப் பந்தயத்தின் முக்கியமான உத்தி 'பைப்லைன்'. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். களக்காட்டு வயல்களில் நடவு பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

நாற்றங்காலில் நாற்றுப் பறிக்க ஒரு குழு, கட்டைச் சுமந்து வர ஒரு குழு, வயலில் நட ஒரு குழு. முதல் கட்டு நட்டு முடியட்டும், அப்புறம் அடுத்த கட்டைப் பறிக்கலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை. மூன்று வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். ப்ராசஸரும் ஒரு கட்டளையை எடுப்பது, புரிந்துகொள்வது, செய்து முடிப்பது, விடையை எழுதுவது என்று படிகளாகப் பிரித்துக்கொள்கிறது. படிகளைச் சிறிதாக்க ஆக்க, கடிகாரத்தை வேகமாகத் தட்டலாம்.

இதிலே ஒரு வில்லங்கம் உண்டு. "இது சரியானால் அந்தப் பக்கம் போ, இல்லாவிட்டால் இந்தப் பக்கம் போ" என்பது போன்ற பிரியும் கட்டளைகள், ஐந்தாறு கட்டளைக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும். எந்தப் பக்கம் என்று தெரிவதற்குள் அடுத்த கட்டளைகளை எடுத்தாக வேண்டுமே! ஆகவே ப்ராசஸர் ஊகிக்கிறது. மேல வயலுக்குத்தான் நாற்று வேண்டும் என்று நினைத்து வரிசையாகக் கட்டுகளை அனுப்பிய பிறகு, "இல்லப்பா, கீழ வயலுக்கு" என்று சொன்னால் என்ன ஆகும்? வழியில் இருக்கும் அத்தனை கட்டும் திரும்ப வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் நஷ்டமும் அதிகம்.

1993-இல் வந்த பென்டியம் இரண்டு பைப்லைன்களை அருகருகே வைத்து ஓட்டியது; ஊகிக்கவும் செய்தது. 2000-இல் வந்த பென்டியம் 4 பைப்லைனை 20 படிகளாக நீட்டியது. 2004-இல் வந்த அதன் 'பிரெஸ்காட்' வடிவத்தில் 31 படிகள். காரணம் எளிது: விளம்பரத்தில் ஜிகாஹெர்ட்ஸ் எண் பெரிதாக வேண்டும். ஆனால் 1.5 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, சில வேலைகளில் 1 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-இடமே தோற்றது. 2001-இல் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி., தன் அத்லான் எக்ஸ்பி சிப்புகளுக்கு ஜிகாஹெர்ட்ஸைப் பெயராக வைப்பதையே விட்டுவிட்டது. 1.53 ஜிகாஹெர்ட்ஸில் ஓடிய சிப்புக்கு '1800+' என்று பெயரிட்டது.

குடம், கிணறு, குளம், அணை

டிஃப்ராக் காலத்து நினைவகப் பிரச்சனை தீர்ந்ததா என்றால், முற்றிவிட்டது! ப்ராசஸர் ஓடிய வேகத்துக்கு நினைவகம் ஓடவில்லை. இன்றைய ப்ராசஸர் முதன்மை நினைவகத்திலிருந்து ஓர் எண்ணைக் கேட்டால், பதில் வருவதற்குள் இருநூறு துடிப்புக்கும் மேல் கடந்துவிடும்.

இதற்கான தீர்வும் நமக்குப் பழகியதே. தண்ணீருக்கு ஒவ்வொரு தடவையும் அணைக்கட்டுக்கா ஓடுகிறோம்? அடுப்படியில் குடம், முற்றத்தில் கிணறு, ஊருக்குக் குளம், மலையடிவாரத்தில் அணை. அருகில் இருப்பது சிறிது, உடனே கிடைக்கும். தூரத்தில் இருப்பது பெரிது, தாமதமாகக் கிடைக்கும். தாமிரபரணிக் கால்களும் பச்சையாற்றுக் கால்களும் மழைக்காலத்தில் குளங்களை நிரப்பி வைப்பது இதற்காகத்தான். ப்ராசஸருக்குள் 'கேஷ்' என்ற நினைவக அடுக்குகளும் இப்படியே. முதல் அடுக்கில் இருந்தால் நான்கைந்து துடிப்பில் எண் கைக்கு வந்துவிடும். இன்று ஒரு சிப்பின் பரப்பில் பெரும் பங்கைக் கேஷே பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் கூடுதல் கணக்குப் பகுதிகளை வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம், ஆனால் தண்ணீர் வராத வயலில் எத்தனை ஏர் பூட்டி என்ன பயன்?

குறைத்துச் செய்த புரட்சி

எல்லாரும் ப்ராசஸருக்குள் மேலும் மேலும் சிக்கலான கட்டளைகளைத் திணித்துக்கொண்டிருந்தபோது, சிலர் எதிர்த்திசையில் யோசித்தார்கள். 1970-களின் நடுவில் ஐ.பி.எம்.-மில் ஜான் காக், 1980-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸி. கட்டளைகள் சிலவே போதும், எளிமையாக இருக்கட்டும், ஒவ்வொன்றும் சட்டென்று முடியட்டும் என்பது அவர்கள் வாதம். அதுவே 'ரிஸ்க்' வழி.

அந்த வழியில் 1985-இல் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் ஒரு சிப் செய்தார்கள். சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள்தான். சோதனையின்போது மின்னோட்டம் அளக்கும் கருவி பூஜ்யம் காட்டியது. பார்த்தால் மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை; மற்ற முனைகள் வழியே கசிந்த மின்சாரத்திலேயே சிப் ஓடிக்கொண்டிருந்தது! அதன் வாரிசுதான் 'ஆர்ம்'. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போனின் உள்ளே இருப்பது அந்தக் குடும்பமே. வேகத்தைத் தேடிப் போனவர்களுக்குச் சிக்கனம் இலவசமாகக் கிடைத்தது.

சூடு கற்றுக்கொடுத்த பாடம்

ஜிகாஹெர்ட்ஸ் பந்தயம் 2004-இல் சுவரில் மோதி நின்றது. அந்தச் சுவரின் பெயர் சூடு. ப்ராசஸரின் மின்செலவு, துடிப்பைப் பொறுத்து நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் ஏறும். துடிப்பை 20 சதவீதம் ஏற்ற, மின்னழுத்தத்தையும் 20 சதவீதம் ஏற்ற வேண்டியிருந்தால், செலவு 1.2 × 1.2 × 1.2, அதாவது 73 சதவீதம் கூடுகிறது. 3.8 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 சிப்பின் வெப்ப அளவு 115 வாட். 4 ஜிகாஹெர்ட்ஸ் சிப் வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். துடிப்பையும் மின்னழுத்தத்தையும் 80 சதவீதமாகக் குறைத்தால் செலவு பாதியாகிறது. அப்படியானால் அதே மின்சாரத்தில் இரண்டு ப்ராசஸர்களை ஓட்டலாம். வேலையைப் பங்கிட முடிந்தால் 1.6 மடங்கு வேலை நடக்கும். 2006-இல் வந்த கோர் 2 டியோ இந்த வழியில் வந்தது. பைப்லைன் 14 படிகளுக்குச் சுருங்கியது, உள்ளே இரண்டு கோர்கள், 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 65 வாட். 3.8 ஜிகாஹெர்ட்ஸ் அண்ணனைத் தம்பி சுலபமாக முந்தினான்.

பலர் சேர்ந்து இழுக்கும் தேர் என்ற இந்தத் தத்துவத்தை நம் நாடு முன்பே கையில் எடுத்திருந்தது. 1980-களில் இந்தியா கேட்ட சக்தி வாய்ந்த கிரே சூப்பர் கம்ப்யூட்டரை அமெரிக்கா தர மறுத்தது. 1986-லேயே பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் 'ஃப்ளோசால்வர்' என்ற இணைக் கணிப்பொறியைக் கட்டியிருந்தது. 1988-இல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் 'பரம் 8000' உருவானது. தனியே பார்த்தால் சாதாரணமான டிரான்ஸ்பியூட்டர் சிப்புகளைப் பக்கத்து சிப்போடு பேச வைத்து, ஊர் கூடி இழுக்கச் செய்தார்கள்.

அதற்காக ஆளைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. பங்கிட முடியாத வேலைக்குப் பத்து கோர் இருந்தும் ஒன்பது சும்மா நிற்கும். ஊகித்து ஓடும் உத்திக்கும் ஒரு விலை இருந்தது. ஊகித்துச் செய்து, பிறகு கைவிட்ட வேலைகூடக் கேஷில் தடம் விட்டுச் செல்கிறது. அந்தத் தடத்தைப் பிடித்து ரகசியங்களைத் திருடலாம் என்று 2018 ஜனவரியில் வெளிவந்த 'ஸ்பெக்டர்', 'மெல்ட்டௌன்' ஓட்டைகள் காட்டின. சரிசெய்யப் போனபோது வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது.

சென்னையின் சக்தி, ராக்கெட்டின் விக்ரம்

இத்தனை தேர்வுகளையும் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களே செய்தன. அந்தக் கட்டளைத் தொகுதிகளைப் பயன்படுத்தவே உரிமம் வேண்டும். 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய 'ரிஸ்க்-ஃபைவ்' அந்தக் கதவைத் திறந்தது. அதன் அடிப்படைக் கட்டளைகள் ஐம்பதுக்கும் குறைவு. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

அந்தக் கதவு வழியே உள்ளே போனது சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழுவின் 'சக்தி' ப்ராசஸர்களில் நாம் மேலே பார்த்த தேர்வுகள் எல்லாம் வகைகளாகவே இருக்கின்றன. மின்மீட்டர் போன்ற சிறு கருவிக்கு 3 படிப் பைப்லைன் கொண்ட 'இ' வகை. லினக்ஸ் ஓட்ட 5 படிகள் கொண்ட 'சி' வகை. வரிசை மாற்றிக் கட்டளைகளைச் செய்ய 'ஐ' வகை. 2018-இல் ஒரு சக்தி சிப் அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையிலும், இன்னொன்று மொகாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையிலும் தயாராயின.

"3 நானோமீட்டர் காலத்திலே 180 எதுக்குப்பா?" என்று கேட்கத் தோன்றும். பதில் நம்ம மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோவின் வளாகத்தில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். அந்த ராக்கெட்டுகளை வழிநடத்தும் கம்ப்யூட்டரில் 2009 முதல் 'விக்ரம் 1601' என்ற நம் நாட்டு 16 பிட் ப்ராசஸர் பறந்தது. அதன் 32 பிட் வாரிசான 'விக்ரம் 3201' திருவனந்தபுரத்தில் வடிவமைக்கப்பட்டு, மொகாலியில் அதே 180 நானோமீட்டரில் தயாராகி, 2024 டிசம்பரில் பி.எஸ்.எல்.வி. சி-60 பயணத்தில் சோதிக்கப்பட்டது. 2025-இல் சக்தியை அடிப்படையாகக் கொண்ட 'ஐரிஸ்' சிப்பையும் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் சேர்ந்து இயக்கிக் காட்டின. ராக்கெட்டுக்கு வீடியோ கேம் ஓட்ட வேண்டியதில்லை. கடுங்குளிரிலும் கொதிக்கும் சூட்டிலும் தப்பாமல் கணக்குப் போட வேண்டும். தயாரிப்பும் நம் கையில் இருக்க வேண்டும். வேலைக்கு ஏற்ற வேகம் என்றால் அதுதான்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் சென்னையிலும் உலக நிறுவனங்களின் சிப்புகளை வடிவமைக்கும் கைகளில் பல நம்மவர்களுடையவை. ஆனால் நம் கல்லூரிப் பிள்ளைகளில் பலருக்கும் ப்ராசஸர் என்பது தேர்வில் வரைந்து மார்க் வாங்கும் கட்டம் போட்ட படம்தான். அதைத் திறந்து பார்க்கலாம், மாற்றிக் கட்டலாம் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

சக்தியின் வடிவமைப்பு முழுவதும் திறந்த மூலம். அதை இறக்கி, ஓர் எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் ஏற்றி, கேஷைப் பாதியாக்கினால் என்ன ஆகும், ஊகிக்கும் பகுதியை எடுத்துவிட்டால் எத்தனை துடிப்பு வீணாகும் என்று ஒரு மாலைப்பொழுதில் மாணவர்களே அளந்து பார்க்கலாம். ஆகவே முன்னாள் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள்: இந்த ஆண்டு நம் ஆய்வகத்துக்கு அப்படிப்பட்ட பலகைகள் சிலவற்றை வாங்கித் தருவோம். பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கும் நம் நண்பர்கள் முறை வைத்து, விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு நாள் வந்து சொல்லிக் கொடுப்போம். முதல் நாளுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

குளம் வெட்டியவர்கள் மடை எங்கே வைப்பது என்றும் யோசித்தார்கள். தண்ணீரின் வேகத்தைத் தீர்மானித்தது அந்த யோசனைதான். நம் பிள்ளைகளும் மடை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்களாக வரட்டும்.