சயனைடு மலையில் யாருக்குப் பங்கு?

கோலார் தங்கவயலைத் திரும்பத் திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எங்கள் ஊரில் கிளம்பாத தேர்தலே இல்லை. சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28. இப்போதுள்ள திட்டம் முன்னதைவிடக் கொஞ்சம் நிஜம். ஆனால் யாரும் கீழே இறங்கப் போவதில்லை. தங்கம் எடுத்தபின் கொட்டிய 13 கழிவு மண்மேடுகளிலிருந்து மிச்சத்தை எடுப்பதுதான் யோசனை. 2024-இல் கர்நாடக அரசும் சம்மதம் சொல்லிவிட்டது.

அந்த மேடுகளை நாங்கள் சயனைடு மலை என்போம். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய சக்கை அது. ஆடிக் காற்றில் சோற்றை மூடி வைக்காவிட்டால் வாயில் நறநறக்கும். கொடியில் காயும் வெள்ளை வேட்டி மாலைக்குள் பழுப்பாகிவிடும். சினிமா எடுக்க வருபவர்களுக்கு அது அழகான பாலைவனம்; நல்லது, அவர்கள் சாயங்காலம் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் வட ஆற்காடு, சேலம் பக்கத்துச் சனங்கள் கூலிக்கு இங்கே குவிந்தார்கள். பாதிக்கு மேல் தாழ்த்தப்பட்டவர்கள். மூங்கில் தட்டி வைத்த லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் காவிரி மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர் தெருவிளக்குக்கு அது 1905-இல்தான் போனது. நாங்கள் முந்தி என்று பெரியவர்கள் இன்றும் மார்தட்டுவார்கள். அந்த மின்சாரம் இழுக்கப்பட்டது எந்திரங்களுக்காக என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். அயோத்திதாசரின் பௌத்தம் வேர்விட்டது இந்த லைன்களில்தான். கட்டைவிரல் ரேகை வைத்துப் பதிய மாட்டோம் என்று 1930-இல் வேலைநிறுத்தம் செய்ததும் இதே சனங்கள்தான்.

அப்பா சாம்பியன் ரீஃபில் டிரில் பிடித்தார். அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். கேஜில் இறங்கும்போது காது அடைக்கும் என்பார். ஆழத்தின் அழுத்தத்தில் பாறை தானாக வெடிப்பதுண்டு. 'ஏர் பிளாஸ்ட்' என்போம். மேலே எங்கள் வீட்டில் அலமாரிப் பாத்திரம் உருளும். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அம்மா ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவாள், தெருவே ஓடும். அப்பா பிழைத்து வந்தார். ஆனால் நுரையீரலில் படிந்த கல்தூசி அவரைக் கடைசிவரை விடவில்லை.

அதே சாம்பியன் ரீஃபில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள். அமெரிக்காவில் ஹோம்ஸ்டேக் என்ற தங்கச் சுரங்கத்திலும் நியூட்ரினோ ஆய்வு நடந்தது. அது 2002-இல் மூடப்பட்டது, பம்பை நிறுத்தினார்கள், தண்ணீர் ஏறியது. பிறகு மாநில அரசே சுரங்கத்தை நன்கொடையாகப் பெற்றுக்கொண்டு, தண்ணீரை இறைத்து, ஆய்வுக்கூடமாக்கியது. பார்க்க வருவோருக்கு மேலே ஒரு கூடமும் இருக்கிறது. எங்கள் சுரங்கத்திலும் பம்பு நின்றது, தண்ணீர் ஏறியது. இறைக்க ஒருவரும் வரவில்லை. கேஜ் இறங்கிய இடத்தில் துருப்பிடித்த சக்கரக் கோபுரங்கள் நிற்கின்றன. எங்கள் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறார்கள்.

ஆகவே மண்மேட்டுத் தங்கத்தை எடுக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளறும் நாளிலிருந்தே தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். எடுத்து முடித்த நிலத்தில் மரம் வைத்துத் தரவேண்டும். அந்த வருமானத்தில் லைன் வீட்டுக்காரர்களுக்குப் பட்டா, கல்தூசி நோயாளிகளுக்கு ஒரு நல்ல ஆஸ்பத்திரி. ஒரு ஷாஃப்ட் மேடையையாவது பழுதுபார்த்து, காட்சிக்கூடமாக்கி, டிரில் பிடித்த கிழவர்களையே சம்பளம் கொடுத்து வழிகாட்டிகளாக வைக்கலாம். இதையெல்லாம் டெண்டர் நிபந்தனையிலேயே எழுத வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், எங்கள் லைன்களில் இனி யாரும் நம்பமாட்டார்கள்.