காற்றில் விட்ட கேஸைப் பிடித்த பெட்டி

வீட்டு ஃப்ரிட்ஜ் பதினைந்து, இருபது வருஷம் கேஸ் கேட்காமல் ஓடுகிறது. கார் ஏசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்டிங் செய்யப்பட்டவை. காரிலோ கம்ப்ரசரைச் சுழற்றுவது எஞ்சின் பெல்ட். அதற்காக ஷாஃப்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் கேஸை மறித்து நிற்பது ஒரு சிறிய சீல் மட்டுமே. எஞ்சின் குலுங்குவதால் குழாய்களிலும் ரப்பர் ஹோஸ். கசிவு கூடவே பிறந்தது, சர்வீஸும் அப்படித்தான்.

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம்தான் 1940 மாடல் கார்களில் முதன்முதலாக ஏசி பொருத்தி விற்றது. அது டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. குளிர்காலத்தில் பெல்ட்டையே கழற்றி வைக்க வேண்டும். சீக்கிரமே கைவிட்டார்கள். 1953-இல் பெரிய நிறுவனங்கள் மறுபடி இறங்க, கார் ஏசி பரவியது.

உள்ளே ஓடியது ஆர்-12. எரியாது, விஷமில்லை. இந்த கேஸை உருவாக்கிய தாமஸ் மிட்க்லி 1930-இல் வேதியியலாளர்கள் முன்னிலையில் அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். இவ்வளவு சாதுவான, விலையும் மலிவான கேஸை மெக்கானிக் என்ன செய்வார்? பழுதுபார்க்க வந்த வண்டியில் மிச்சமிருந்ததைக் காற்றில் திறந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிடித்து வைக்க அவரிடம் கருவி இல்லை. பிடிக்க வேண்டும் என்று சொன்னவரும் இல்லை.

சொன்னவர்கள் 1974-இல் வந்தார்கள். இந்த வகை கேஸ் மேலே போய்ச் சிதைந்து, அதிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் எழுதினார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் மெலிந்திருப்பது அளவீட்டிலேயே தெரிந்தது. 1987-இல் இந்த வகை கேஸ்களைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம்.

கேஸைப் பிடித்து, சுத்தம் செய்து, மறுபடி ஏற்றலாம் என்ற யோசனை எழுந்தபோது கார் நிறுவனங்கள் தயங்கின. பழைய கேஸால் கம்ப்ரசர் கெட்டால் வாரண்டியில் யார் பதில் சொல்வது? எவ்வளவு சுத்தம் போதும் என்பதுதான் கேள்வி. அதற்குக் கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்தது: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார்களிலிருந்தே கேஸை எடுத்துச் சோதித்தார்கள். அதில் இருக்கும் அழுக்கோடு வண்டி ஓடுகிறதென்றால், அந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதுமே!

1989-இல் எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கம் தரம் வகுத்தது. எடையில் பத்து லட்சத்தில் ஈரம் 15 பங்கு, காற்று 330, எண்ணெய் 4000. அதற்கு மேல் கூடாது. எண்ணெய்க்கு மட்டும் ஏன் இத்தனை தாராளம்? கம்ப்ரசர் எண்ணெய் எப்படியும் கேஸோடு சேர்ந்து சுற்றிவருவதுதான். ஈரம் அப்படியில்லை, எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து வழியை அடைக்கும், கேஸோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

இப்படிப் பிறந்ததுதான் இன்று ஏசி பட்டறைகளில் சிவப்பு, நீல ஹோஸ்களோடு நிற்கும் பெட்டி, ரெக்கவரி மெஷின். கேஸை உறிஞ்சி, எண்ணெயைப் பிரித்து, ட்ரையர் வழியாக ஈரத்தை நீக்கி டாங்கில் சேர்க்கும். டாங்கின் சூட்டுக்கு இருக்க வேண்டியதைவிட அதன் பிரஷர் அதிகமாக இருந்தால் காற்று கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் வெளியேற்றுவார்கள். 1990-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. 1992 முதல் கேஸைக் காற்றில் விடுவது அங்கே குற்றம்.

அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் ஆயிரம் கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். பெட்டிக்கு வேலை தீரவில்லை. இரண்டு கேஸும் கலந்துவிடக் கூடாதென்று ஹோஸ் மாட்டும் வாய்களையே வேறு அளவில் செய்தார்கள்.

ஓசோனுக்காகப் பிறந்த இந்தப் பெட்டியால் வண்டிக்காரருக்கும் ஒரு லாபம் உண்டு. உறிஞ்சிய கேஸை அது எடைபோட்டுக் காட்டும். நம்மூரில் கூலிங் குறைந்தாலே "கேஸ் அடிச்சிடலாம் சார்" என்பார்கள். எத்தனை கிராம் வெளியே வந்தது என்று கேளுங்கள். பானட்டுக்கு அடியில் ஒட்டிய லேபிளில் 500 கிராம் என்று இருந்து, மெஷினில் 480 வந்தால் குறை கேஸில் இல்லை. கண்டென்சர் ஃபேனையும் கேபின் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லலாம்.