வீதியும் சாக்கடையும்

நகர் வளரும்பொழுது வீதிகளும் மாடிகளும் கண்ணைக் கவர்கின்றன. அவற்றின் அடியில் ஓட வேண்டிய கழிவுநீரை எண்ணுவார் சிலரே. இதற்குச் சான்றாக நான் பெர்லின் நகரின் வரலாற்றை எடுத்துக்காட்டுவேன்.

1862-இல் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் என்னும் பொறியாளர் அந்நகரின் புறநகர்ப் பகுதிகளுக்கு வீதித் திட்டம் வகுத்தார். வீதிகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் எத்தனை குடும்பங்கள் வாழலாம் என்பதை அத்திட்டம் வரையறுக்கவில்லை. நிலவுடைமையாளர் அடுக்குவீடுகளை நெருக்கமாக எழுப்பினர். கழிவுநீரோ தெருவோரத்துத் திறந்த சாக்கடைகளில் தேங்கியது.

1873-இல் நிலத்தடிச் சாக்கடைப் பணி அவர் தலைமையிலேயே தொடங்கிற்று. சமதரையான நகரை 12 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கழிவுநீரையும் நீராவி எந்திரத்தால் இறைத்து, நகருக்கு வெளியே வாங்கிய வயல்களில் பாய்ச்சினர்.

மாணவர்களே, மனையை அளக்கும்போதே சாக்கடையையும் அளத்தல் வேண்டும். இன்றிருப்போருக்கு மட்டுமன்றி, நாளை குடிவருவோருக்கும் அளத்தல் வேண்டும்.