பக்கத்தின் மறுபுறம்: தமிழ் வார இதழ்களின் வாசகரை எண்ணுவது பற்றி

1941இல் தொடங்கிய கல்கி வார இதழ், 2020 ஊரடங்குக் காலத்தில் அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. “இனி யார் பத்திரிகை படிக்கிறார்கள்?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது கைமேல் கிடைத்த சான்றாயிற்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டிக்கடை சாத்தியிருந்தது, பஸ் ஓடவில்லை. விரும்பியவருக்கும் இதழை வாங்க வழியில்லாத மாதங்கள் அவை. விற்பனை நின்றதை வைத்து வாசிப்பு நின்றதாகத் தீர்ப்பெழுதும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. இக்கட்டுரை மறுப்பது அந்த வழக்கத்தை.

1948இல் தொடங்கப்பட்ட ஏபிசி (ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ்), பத்திரிகைகள் விற்ற பிரதிகளை ஆறு மாதத்துக்கொருமுறை தணிக்கை செய்கிறது. விளம்பரதாரருக்கு அந்த எண் போதும். அட்டை விலை அச்சுச் செலவைக்கூட ஈடுகட்டாத வார இதழ்களுக்கு விளம்பரமே உயிர் என்பதால் ஆசிரியர்களும் அதையே நாடித்துடிப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சலூன் பெஞ்சில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு குமுதத்தை ஒரு வாரத்தில் எத்தனை பேர் புரட்டினார்கள்? லெண்டிங் லைப்ரரிப் பையன் சைக்கிளில் கொண்டுவந்த ஒரே விகடன் எத்தனை வீடு ஏறி இறங்கியது? தமிழ் வார இதழ் இரவலில் வளர்ந்தது. விற்பனைக் கணக்கில் இரவலுக்கு இடமில்லை.

சரி, அந்த வாசகர் எங்கே போனார்? பெரும்பகுதி தொடர்கதையோடு போனார். 1993இல் சன் டி.வி. வந்தது, பிறகு மெகா சீரியல்கள் ‘தொடரும்’ என்ற சொல்லைத் தம்வசமாக்கிக்கொண்டன. வாசிப்பை விடாதவர்களும் உண்டு. பிரதிலிபி செயலியில் அத்தியாயம் அத்தியாயமாகக் கதை எழுதும், படிக்கும் தமிழ்ப் பெண்களைப் பார்த்தால், அடுத்த பகுதிக்குக் காத்திருக்கும் பழக்கம் கொஞ்சமும் குறையவில்லை என்று தெரியும். இலக்கிய உலகம் அவர்களை வாசகர் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வேறு வியாதி.

அப்படியானால் இழப்பே இல்லையா? உண்டு. வார இதழ் ஒரு கலவை. ஜோக்குக்காக வாங்கியவர் சிறுகதையில் போய் முட்டிக்கொள்வார். ராசிபலன் தேடியவர் கட்டுரையில் மாட்டுவார். 1966இல் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ ஆனந்த விகடனில் வந்தது. முன்பின் தெரியாத ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமானவள் என்று சொல்லிவிடுகிறாள் தாய். அதற்கு எழுந்த கொந்தளிப்பு, அப்படியொரு கதையைத் தேடிப் போகாதவர்கள் வீட்டுக்குள் அது நுழைந்துவிட்டதால் எழுந்தது. அந்தத் தாய் வேறுவிதமாக நடந்திருந்தால் என்ற கேள்வியிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறந்து, 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது.

தேடாதவர் கையில் கதையைக் கொண்டுசேர்க்கும் இந்த வேலையைச் சிற்றிதழ் செய்யும் என்பார்கள். செய்யாது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ முதல் இன்றுள்ள இதழ்கள் வரை, சிற்றிதழின் வாசகர் ஏற்கெனவே மனம் மாறியவர். சந்தா கட்டி வருபவர். (ஆயுள் சந்தாவில் ஆயுள் யாருடையது என்பது மட்டும் கடைசிவரை தெளிவாவதில்லை.) அங்கே எதுவும் தற்செயலாக எதிர்ப்படாது. செயலியிலும் அப்படித்தான்: நேற்றுக் காதல் கதை படித்தவருக்கு இன்றும் காதல் கதையே வந்து நிற்கும்.

கலவையைப் பிரிக்க முதலில் கை வைத்தவர் வாசகர்தான் என்பதையும் சொல்லவேண்டும். பொன்னியின் செல்வன் கல்கியில் வந்த 1950களில் வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, மணியம் ஓவியங்களோடு பைண்டிங் செய்துவைத்த வீடுகள் பல. மீதி இதழ் பழைய பேப்பர்காரருக்குப் போயிற்று. ஆனாலும் அப்படிக் கிழித்துச் சேர்த்த தொகுப்புகளில் ஒரு தாளின் முன்புறம் வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டிருப்பான். புரட்டினால் பாதியில் அறுந்த ஒரு துணுக்கும் ஒரு தலைவலி மருந்து விளம்பரமும் இருக்கும். தாளின் மறுபுறத்தை யாராலும் தனியே கிழிக்க முடியவில்லை.