மனித ஹெர்பீஸ் தீநுண்மம் 8

மனித ஹெர்பீஸ் தீநுண்மம் 8 என்பது கபோசி சார்கோமா என்னும் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் ஆகும். இதனை அமெரிக்காவில் யுவான் சாங், பாட்ரிக் மூர் ஆகியோரின் குழுவினர் 1994 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஆயினும் இப்புற்றுநோயை மோரிட்ஸ் கபோசி 1872 ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். எனவே இதன் கண்டுபிடிப்பே புதியது, தீநுண்மம் பழையது.

பரவல்

குருதியிலுள்ள எதிர்ப்பொருள்களைக் கொண்டு இதன் பரவல் கணிக்கப்படுகிறது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் வயதுவந்தோரில் 50 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் இத்தொற்று உள்ளது. வட ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகியவற்றின் பொதுமக்களிடையே இது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. மத்தியதரைக் கடற்பகுதி இவற்றுக்கு இடைப்பட்டது. பெரும்பாலும் உமிழ்நீர் வழியே பரவும் இது, ஆப்பிரிக்காவில் குழந்தைப் பருவத்திலேயே தொற்றத் தொடங்குகிறது.

நோய்

தொற்றுடையோரில் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் தோன்றுவதில்லை. நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கே இடர் மிகுதி. இதனால், இத்தீநுண்மம் முன்னரே பரவியிருந்த ஆப்பிரிக்க நாடுகளில் எய்ட்ஸ் பரவியபோது கபோசி சார்கோமாவும் பெருகியது.