மெர்டேக்கா சதுக்க வட்டாரம்

கோலாலம்பூரில் கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் இடத்தை ஒட்டிய பழைய அரசாங்க வட்டாரம். 1880இல் சிலாங்கூரின் நிர்வாகம் கிள்ளானிலிருந்து இங்கே மாறியது. மறு ஆண்டே தீயும் வெள்ளமும் ஊரைச் சூறையாடின. இனி அத்தாப்பு ஓலைக் கூரை வேண்டாம், செங்கல்லும் ஓடும்தான் என்று ஆங்கிலேய நிர்வாகம் வற்புறுத்தியதில் பிரிக்ஃபீல்ட்ஸில் சூளைகள் பெருகின. காவல் படை அணிவகுத்த திடலின் (இன்றைய மெர்டேக்கா சதுக்கம்) மேற்குப் பக்கம் சிலாங்கூர் கிளப் அமைந்தது. கிழக்கே, 1894இல் தொடங்கிய அரசாங்கச் செயலகம் 1897இல் நிறைவடைந்தது. அதுவே இன்றைய சுல்தான் அப்துல் சமாட் கட்டடம்.

செங்கல் சுவரில் வெள்ளைப் பட்டைகள், லாட வடிவ வளைவுகள், செப்புக் குவிமாடங்கள்: இவற்றைப் பார்த்து இதை உள்ளூர் இஸ்லாமியக் கட்டடக்கலை என்பார்கள். அது பாதி உண்மைதான். கட்டடக் கலைஞர் ஏ.சி.நார்மன் முதலில் வரைந்தது ஐரோப்பிய பாணி. இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துவிட்டு வந்த பொறியாளர் ஸ்பூனர் அதை ஏற்காததால், இன்னொரு கட்டடக் கலைஞரான பிட்வெல் இப்போதுள்ள பாணியில் புதிய முகப்பு வரைந்தார். ஆங்கிலேயர் கட்டி 1892இல் முடித்த சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்த கண்ணுக்கு இந்தப் பாணி புதிதல்ல. முஸ்லிம் சுல்தானின் மண்ணுக்கு ஏற்றதைத்தானே தேர்ந்தார்கள் என்று கேட்கலாம். எண்ணம் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் அன்றைய மலாய் அரண்மனையும் பள்ளிவாசலும் பெரும்பாலும் மர வேலைப்பாடும் அடுக்குக் கூரையும் கொண்டவை. மேலும், கட்டடக் கலைஞர் ஹப்பேக் 1909இல் ஜாமெக் பள்ளிவாசலுக்குத் தந்த குவிமாடங்களையே 1910இல் ரயில் நிலையத்துக்கும் தந்தார். தொழுகைக்கும் டிக்கெட்டுக்கும் ஒரே உடை என்றால், அது பொதுப்பணித் துறை தைத்த உடை.

அப்படியானால் இந்த வட்டாரம் வெறும் காலனி மிச்சமா? அதுவும் சரியல்ல. 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் இந்தத் திடலில்தான் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாக் கொடி ஏறியது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமான 1974இல் செயலகத்துக்கு, முன்னாள் சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட்டின் பெயர் வந்தது. பின்னர் நாட்டின் உயர்நிலை நீதிமன்றங்கள் அங்கே இயங்கின. உருவத்தை வெளியிலிருந்து பெற்ற வட்டாரம், உரிமையை இப்படிப் பயன்பாட்டால் பெற்றது. அந்த நீதிமன்றங்களில் உச்ச நிலையில் உள்ளவை பிற்பாடு புத்ராஜெயாவுக்குப் போயின. அங்கே எழுந்த நீதி மாளிகைக்கும் குவிமாடம்தான் வைத்தார்கள்.